கொப்பூழ்க்கொடி காத்த வரலாறு

உறவின் நெருக்கத்தைச் சொல்ல வருங்கால் 'தொப்புள்கொடி உறவு' என்று சொல்வது தமிழர் வழக்கு. கடல் கடந்து வாழும் தமிழர் தம் முன்னோர் நாட்டை நினைக்கும்போது இத்தொடர் மேடைதோறும் ஒலிக்கக் கேட்கிறோம். ஆயின், உறவுக்கு அடையாளமாக நாம் எடுத்தாளும் அக்கொடி அறுக்கப்பட்ட பின்னர்க் குழந்தையின் வயிற்றில் எஞ்சி நிற்கும் சிறு துண்டைப் பற்றி நம்மவர் எழுதியது குறைவு. பேசியது அதனினும் குறைவு. இரண்டு மூன்று விரற்கடை நீளமே உள்ள அத்துண்டு வாடி, கறுத்து, உலர்ந்து விழுவதற்கு ஐந்து முதல் பதினைந்து நாள் ஆகும். பல தலைமுறைகளாக எண்ணற்ற குழந்தைகளின் வாழ்வும் சாவும் முடிவானது அந்தச் சில நாள்களில்தான். எனவே, கொப்பூழைக் காத்த வரலாறு மருத்துவர்க்கு மட்டும் உரிய வரலாறு அன்று. கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டப்புறங்களிலும் இரயில்வே குடியிருப்புகளிலும் குழந்தை பெற்று வளர்த்த தமிழ்த் தாயரின் வரலாறும் அதுவேயாகும்.

இவ்வரலாற்றை அறிய வேண்டிய தேவை இன்றும் உண்டு. மருத்துவமனையில் பிறந்த குழந்தை ஓரிரு நாளில் வீடு திரும்புகிறது. அதன் கொப்பூழில் பிளாஸ்டிக் கவ்வி இருக்கும். "ஒன்றும் பூசாதீர்கள், உலர விடுங்கள்" என்று தாதி சொல்லி அனுப்புகிறார். வீட்டில் பாட்டியோ, "எத்தனை பிள்ளைகளுக்கு நான் வசம்பு சுட்டுப் போட்டிருக்கிறேன்!" என்கிறார். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடாயினும், கிள்ளான் தாமான் வீடாயினும் இந்த வழக்கு நடைபெறாத குடும்பம் அரிது. இருவரில் யார் சொல்வது சரி? ஒருவரை அறியாதவர் என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் அது நேர்மையாகாது. வரலாற்றை நோக்கின், இருவர் சொல்லிலும் எவ்வளவு உண்மை உளது என்பது விளங்கும்.

சொல்லும் பொருளும்

முதற்கண் சொல்லைக் காண்போம். இன்று 'தொப்புள்' என வழங்கும் உறுப்பைச் சங்க நூல்கள் 'கொப்பூழ்' எனக் குறிக்கின்றன. 'உந்தி' என்பதும் அதன் பெயர். பொருநராற்றுப்படையில் முடத்தாமக் கண்ணியார் பாடினியின் கொப்பூழை நீர்ச்சுழிக்கு ஒப்பிடுகிறார். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் கச்சி மாநகரைப் புகழுங்கால், திருமாலின் கொப்பூழில் எழுந்து நான்முகனைத் தந்த தாமரையின் பொகுட்டினை உவமையாக்குகிறார். ஒன்று அழகு பற்றிய உவமை. மற்றொன்று பிறப்புப் பற்றிய உவமை. உயிர் தோன்றும் இடம் கொப்பூழ் என்னும் எண்ணம் நம் இலக்கியத்தில் வேரூன்றியிருந்தது என்பதற்கு இஃது ஒன்றே சான்றாம்.

'கொடி' என்ற சொல்லும் கருதத்தக்கது. ஒரு வேரிலிருந்து ஊட்டம் பெற்றுப் படர்ந்து வளர்வது கொடி. தாயின் கருப்பையில் ஒட்டியிருக்கும் நச்சுக்கொடியிலிருந்து சேய்க்கு உணவும் உயிர்வளியும் கொண்டு செல்வது இக்கொடி. அதனுள் நாளம் ஒன்றும் தமனி இரண்டும் உள்ளன. நாளம் நல்ல குருதியைச் சேய்க்குக் கொண்டு வருகிறது. தமனிகள் கழிவேறிய குருதியைத் திருப்பிச் செலுத்துகின்றன. குழந்தை பிறந்து மூச்சுவிடத் தொடங்கியதும் இக்குழாய்கள் தாமே சுருங்கி அடைபடுகின்றன. அதன்பின் எஞ்சும் துண்டில் உயிரோட்டம் இல்லை. ஆனால் அது ஒட்டியுள்ள இடமோ உடலுக்குள் செல்லும் ஒரு திறந்த வாயில். துண்டு விழுந்து, அடியில் தோல் மூடும் வரை அவ்வாயில் முழுதும் அடைபடுவதில்லை. இவ்வுண்மை ஒன்றை மனத்தில் இருத்தினால் பின்வருவன அனைத்தும் தெளிவாகும்.

பண்டை நூல்கள் கூறுவன

இந்திய நாட்டு மருத்துவ நூல்கள் இதனைக் கவனியாமல் விடவில்லை. சுசுருத சங்கிதை, கொப்பூழிலிருந்து எட்டு விரல் அளவில் கொடியை நூலால் கட்டி, அதன்பின் அறுத்து, நூலின் நுனியைக் குழந்தையின் கழுத்தில் தளர்வாகக் கட்டிவைக்கக் கூறுகிறது. சரக சங்கிதை, பொன், வெள்ளி, இரும்பு ஆகியவற்றுள் ஒன்றாலான கூரிய கருவியால் அறுக்கச் சொல்கிறது. கொப்பூழ் சீழ்ப்பிடித்தால் மஞ்சள் முதலியன இட்டுக் காய்ச்சிய எண்ணெயைத் தடவவும் கூறுகிறது. ஈண்டு ஒரு நுட்பம் காணத்தக்கது. கொடியை நீளமாக விட்டுக் கழுத்தில் கட்டுவதால் அதன் அறுபட்ட முனை தரையிலும் ஈரத் துணியிலும் படாமல் மேலே நிற்கிறது. அன்றியும், மருந்து கூறப்படுவது புண் சீழ்ப்பிடித்தபோதே அன்றி எல்லாக் குழந்தைக்கும் அன்று.

சீன மருத்துவரும் இதனை ஆராய்ந்தனர். பிறந்த சில நாளில் குழந்தையைக் கொல்லும் வலிப்பு நோய்க்குச் சீனர் இட்ட பெயர் 'கொப்பூழ்க் காற்று' எனப் பொருள்படும். சோங் அரசர் காலத்துக் குழந்தை மருத்துவ நூல் ஒன்று, பெரியவர்க்குக் காயத்தின் வழியே வரும் விறைப்பு நோயும் குழந்தைக்குக் கொப்பூழின் வழியே வரும் இந்நோயும் ஒன்றே எனக் கூறி, அறுபட்ட கொடியின் முனையைச் சூட்டினால் தீய்க்குமாறு அறிவுறுத்துகிறது. கிருமி என்பதையே உலகம் காணாத காலத்தில், எண்ணூறு ஆண்டுகட்கு முன்னர், நோய் நுழையும் வாயில் இன்னது என்று கண்டறிந்த அறிவுக் கூர்மை வியத்தற்குரியது.

நூலறிவு இவ்வாறு இருப்பினும், பிள்ளைப்பேறு நிகழ்ந்த குடிசையில் இருந்தது நூல் அன்று, கைவழக்கம். அங்கே கொடியை அறுத்தது வீட்டில் கிடைத்த அரிவாளோ கத்தியோ சவர அலகோதான். அறுத்த இடத்தில் சாம்பல், மஞ்சள், வசம்புக் கரி, விளக்கெண்ணெய் ஆகியவற்றுள் ஏதோ ஒன்று வைக்கப்பட்டது. சில இடங்களில் சாணமும் வைக்கப்பட்டது. மலாய்க்காரரின் 'பீடான்' எனப்பெறும் மருத்துவச்சியும் மூங்கிற் சிராயால் அறுத்து, மஞ்சள் முதலியவற்றை வைக்கும் வழக்கம் உடையவராய் இருந்தார்.

ஏழாம் நாள் அச்சம்

குழந்தை பிறந்து இரண்டு நாள் நன்றாகப் பால் குடிக்கும். மூன்றாம் நாளுக்குப் பின், பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள், வாய் திறக்க இயலாமல் தாடை இறுகும். முலையைப் பற்ற முயன்று தோற்று அழும். பின்னர் உடல் வில் போல் வளையும். ஒலி கேட்டாலும் ஒளி பட்டாலும் வலிப்புத் தோன்றும். மருத்துவம் இன்றேல் இறப்பு ஏறத்தாழ உறுதி. இதுவே டெட்டனஸ் என்னும் வில்வாத ஜன்னி.

இந்நோயின் கொடுமை உயிரைக் கொல்வதில் மட்டும் இல்லை. காரணத்தை மறைப்பதிலும் உள்ளது. கொடியை அறுத்த நாள் ஒன்று. நோய் தோன்றும் நாள் வேறொன்று. இடையே குழந்தை நலமாகவே இருக்கிறது. கொப்பூழிலும் புறத்தே பெரிய புண் காணப்படுவதில்லை. ஆதலின் அரிவாளையோ சாம்பலையோ எவரும் ஐயுறவில்லை. பேய் என்றனர், கண்ணேறு என்றனர், கோள் குற்றம் என்றனர். மேலும், சாம்பல் பூசிய வீடுகள் பலவற்றில் குழந்தை பிழைத்துக்கொண்டது. அடுப்பிலிருந்து அப்போதே எடுத்த சாம்பலில் கிருமி இராது. தரையில் கிடந்து தூசி கலந்த சாம்பலிலோ இருக்கக்கூடும். இவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. பிழைத்த குழந்தையைக் கண்டவர் பூச்சே காத்தது என்று நம்பினர். இறந்த குழந்தையைக் கண்டவர் ஊழ் என்று அழுதனர். அறியாமை என்று நாம் எளிதில் கூறுவது உண்மையில் இக்கண்மறைப்பின் விளைவேயாகும்.

இது தமிழர்க்கு மட்டும் நேர்ந்தது அன்று. ஸ்காட்லாந்துக்கு மேற்கே கடலில் உள்ள செயின்ட் கில்டா என்னும் சிறு தீவில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்த குழந்தைகளுள் பாதிக்கு மேல் 'எட்டு நாள் நோய்' என்ற இந்நோய்க்கே இரையாயின. இறைவன் திருவுளம் என்று தீவு மக்கள் ஆறுதல் கொண்டனர். அங்கிருந்த சமயப் போதகர் ஆங்கஸ் ஃபிட்ஸ் என்பவர் கிளாஸ்கோ நகர் சென்று, கிருமி நீக்கிக் கொடியைப் பேணும் முறையைக் கற்று வந்தார். 1890-களின் தொடக்கத்தில் அம்முறை கைக்கொள்ளப்பட்டதும் நோய் அத்தீவை விட்டு நீங்கியது. வெள்ளையர், கீழை நாட்டார் என்ற வேற்றுமை இந்நோய்க்கு இல்லை. அழுக்குக் கருவியும் அழுக்குப் பூச்சும் உள்ள இடமெல்லாம் அதற்கு உரிய இடமே.

அறிவியல் இம்மறைப்பை நீக்கியது அக்காலத்தில்தான். 1884-இல் ஜெர்மானிய மருத்துவர் நிக்கோலையர் மண்ணில் இந்நோய்க் கிருமி இருப்பதைக் காட்டினார். 1889-இல் ஜப்பானிய அறிஞர் கிட்டசாட்டோ அதனைத் தனித்துப் பிரித்து வளர்த்தார். மறு ஆண்டு அவரும் பெரிங்கும் சேர்ந்து, அதன் நஞ்சை முறிக்கும் பொருள் குருதியில் உண்டாதலை மெய்ப்பித்தனர். இக்கிருமி மண்ணிலும் ஆடுமாடு, குதிரை ஆகியவற்றின் சாணத்திலும் வாழ்வது; காற்றுப் புகாத புண்ணில் பெருகுவது; உலர்ந்தாலும் சாவாமல் ஆண்டுக்கணக்கில் வித்துப்போல் உறங்கிக் கிடப்பது. சாகும் நிலையிலுள்ள கொப்பூழ்த் துண்டைவிட அதற்கு ஏற்ற நிலம் வேறில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கில்

இப்பின்னணியோடு மலாயாவுக்கு வருவோம். 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. இரயில்வே வேலைக்கு வந்த தமிழரும் யாழ்ப்பாணத்தாரும் பிரிக்பீல்ட்ஸில் குடியேறினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் பெருகவே, கிள்ளானைச் சுற்றிலும் புக்கிட் ராஜா, கேரித் தீவு முதலிய இடங்களில் தோட்டங்கள் எழுந்தன. கங்காணி முறையில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கப்பலேறி வந்தன. அக்குடும்பங்கள் லயங்களில் வாழ்ந்தன. பக்கத்திலே மாடு வளர்த்தன. பேறுகாலத்தில் உதவியவர் பெரும்பாலும் ஊரிலிருந்து வந்த மருத்துவச்சியோ, அனுபவம் மிக்க மூதாட்டியோ ஆவர்.

இப்பகுதியின் பொதுச் சுகாதார வரலாற்றில் முதற்புகழ் பெற்றவர் மருத்துவர் மால்கம் வாட்சன். 1901-இல் கிள்ளானிலும், அவ்வாண்டு திறக்கப்பெற்ற போர்ட் சுவெட்டன்ஹம் துறைமுகத்திலும் சதுப்பு நீரை வடித்து மலேரியாவை அடக்கிய பணி உலகம் அறிந்தது. அது போற்றத்தக்கதே. ஆயின் ஒன்று கருதவேண்டும். மலேரியா உழைக்கும் ஆளைப் படுக்கையில் தள்ளியது. தோட்டத்தின் வருவாயைத் தாக்கியது. அதனால் ஆட்சியாளரின் கண் அதன்மேல் விரைவில் விழுந்தது. லயத்தின் உள்ளறையில் பிறந்து எட்டாம் நாள் இறந்த குழந்தையோ எந்தக் கணக்கையும் தாக்கவில்லை. தாய்க்கு மட்டுமே அது இழப்பு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுதி மகப்பேற்று உதவித்தொகைக்கு வழி செய்தது. தோட்ட மருத்துவமனைகளும் இருந்தன. எனினும் பேறு நிகழும் அறைக்குள் தூய்மையான கத்தியும் நூலும் சென்று சேர்வதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

போருக்குப் பின் நிலை மாறியது. 1950-களில் மலாயாவில் கிராமச் சுகாதார அமைப்பு உருவாயிற்று. ஐம்பதினாயிரம் மக்களுக்கு ஒரு முதன்மை நிலையம், பத்தாயிரவர்க்கு ஒரு துணை நிலையம், இரண்டாயிரவர்க்கு ஒரு மருத்துவச்சி நிலையம் என மூன்று படிகளாக அஃது அமைந்தது. கொதிக்கவைத்த கத்தரிக்கோல், தூய நூல், கிருமிநாசினி ஆகியவற்றோடு பயிற்சி பெற்ற மருத்துவச்சி வீடு தேடிச் சென்று, கொப்பூழ் விழும் வரை தாயையும் சேயையும் பார்த்து வருதல் முறையாயிற்று. ஆனால் தோட்டங்கள் தனியார் நிலமாதலின், இவ்வமைப்பின் நன்மை பெரும்பாலும் தோட்ட வேலிக்கு வெளியிலேயே நின்றது. தோட்டத் தமிழர் தோட்ட நிருவாகம் வைத்த மருந்தகத்தையும் டிரெஸ்ஸரையுமே நம்பியிருந்தனர். நல்ல நிருவாகம் வாய்த்த தோட்டத்தில் நன்மை உண்டு; வாய்க்காத இடத்தில் இல்லை. இந்த ஏற்றத்தாழ்வை மலேசியத் தமிழர் வரலாறு எழுதுவோர் மறத்தலாகாது.

பழைய மருத்துவச்சியரைப் பகைத்து ஒதுக்காமல் அணைத்துக்கொண்டது இந்நாட்டின் அறிவுடைமை. 1966-ஆம் ஆண்டு மருத்துவச்சியர் சட்டத்தின்கீழ்க் கிராமத்துப் பீடான்களும் பதிவு செய்யப்பெற்றனர். கைகளைக் கழுவுதல், கருவியைக் கொதிக்கவைத்தல், கொப்பூழில் எதையும் வைக்காதிருத்தல் ஆகியன அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டன. பேறுகாலக் கருவிப் பெட்டியும் வழங்கப்பட்டது. தாய்க்கு உடம்பு பிடித்துவிடுதல், பத்தியம் சொல்லுதல், ஆறுதல் கூறுதல் போன்ற பழைய பணிகள் அவர்களிடமே இருந்தன. மக்கள் நம்பிய கையிலிருந்த அழுக்குக் கத்தி மட்டும் நீங்கியது; கையின்மேல் இருந்த நம்பிக்கை நீங்கவில்லை. 1957-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ 75 ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 1970-இல் அத்தொகை ஏறத்தாழ 40 ஆகக் குறைந்தது. நல்ல குடிநீர், உணவு, தடுப்பூசி, கல்வி ஆகிய பலவும் சேர்ந்து விளைவித்த பயன் இது. அவற்றுள் தூய கொப்பூழ்ப் பேணலுக்கும் உரிய பங்கு உண்டு.

பந்தாய்ப் பள்ளத்தாக்கில் ஓர் ஆய்வு

தூய்மை ஒரு காவல். மற்றொரு காவல் தாயின் குருதியிலேயே உண்டு என்பதை அறிவியல் பின்னர்க் கண்டது. 1961-இல் ஸ்கோஃபீல்டு முதலியோர் நியூகினியில் செய்த ஆய்வு, கருவுற்ற தாய்க்கு டெட்டனஸ் தடுப்பூசி போட்டால் பிறக்கும் குழந்தையும் காக்கப்படும் எனக் காட்டியது. தாயின் உடலில் உண்டாகும் எதிர்ப்புப் பொருள் நச்சுக்கொடியைக் கடந்து கொப்பூழ்க்கொடி வழியே சேயைச் சேர்கிறது. எந்தக் கொடியின் அறுபட்ட முனை வழியாக நோய் புகுந்ததோ, அந்தக் கொடியே அறுபடுவதற்கு முன் காப்பையும் கொண்டு செல்கிறது!

ஆனால் ஊசியை எப்போது போடுவது? பேற்றுக்கு மிக அருகில் போட்டால் எதிர்ப்புப் பொருள் உண்டாகிச் சேய்க்குச் செல்வதற்கு நேரம் இராது. இக்கேள்விக்கு விடை கண்டோருள் கோலாலம்பூர் அறிஞர்க்குச் சிறப்பிடம் உண்டு. பிரிக்பீல்ட்ஸிலிருந்து சிறிது தொலைவே உள்ள பந்தாய்ப் பள்ளத்தாக்கில், மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மருத்துவமனை 1960-களின் பிற்பகுதியில் எழுந்தது. அங்கு மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராக விளங்கிய டி. ஏ. சின்னத்துரை அவர்களும், எஸ். டி. சென், ஜி. எட்சல், எம். எம். பீல் ஆகியோரும் இதனை ஆராய்ந்து, உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் 1983-இல் வெளியிட்டனர். முதல் ஊசி பேற்றுக்கு 60 நாளேனும் முன்பும், இரண்டாம் ஊசி 20 நாளேனும் முன்பும் போடப்பட்டால் குழந்தைக்குத் தக்க காப்புக் கிடைக்கும் என்பது அவர்தம் முடிபு. கருவுற்ற தாயர் காலத்தே மருத்துவ நிலையம் செல்லவேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான காரணம் வேண்டுமோ?

1989-இல் உலகச் சுகாதாரப் பேரவை, பிறந்த குழந்தைகளைத் தாக்கும் டெட்டனஸை ஒழிக்கத் தீர்மானித்தது. அதற்கு முந்திய ஆண்டில் மட்டும் இந்நோயால் இறந்த குழந்தைகள் ஏறத்தாழ 7,87,000 என மதிப்பிடப்பட்டது. 2018-ஆம் ஆண்டுக்குரிய மதிப்பீடு ஏறத்தாழ 25,000. இந்தியா இந்நோயை ஒழித்த நாடாக 2015-இல் ஏற்கப்பட்டது. மலேசியாவில் இன்று இது மிக அரிதாகிவிட்டது. தாடை இறுகிப் பால் குடிக்கமாட்டாத குழந்தையைக் கண்ட தலைமுறை மறைந்து வருகிறது.

தாயத்தும் வசம்பும்

நோய் மறையும்போது அதன் நினைவும் மறைகிறது. நினைவு மறைந்த இடத்தில் பழைய வழக்கம் புதுப்பெயர் சூட்டிக்கொண்டு திரும்புகிறது. அவற்றுள் இரண்டினை மட்டும் ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது தாயத்து. உலர்ந்து விழுந்த கொப்பூழ்த் துண்டைக் குப்பியில் அடைத்துக் குழந்தைக்குக் கட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. 'தாய்' என்பதே 'தாயத்து' ஆயிற்று என்றும், பிற்காலத்தில் நோய் தீர்க்க உதவும் மூலவுயிரணுக்களை முன்னோர் இவ்வாறு சேமித்தனர் என்றும் இன்று பலர் கூறிவருகின்றனர். கேட்க இனிமையாகத்தான் உளது. ஆயின், இச்சொல் காப்புப் பொருளைக் குறிக்கும் 'தஅவீது' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது எனக் கொள்வதே மொழிநூலார்க்கு ஏற்புடையது. கருத்தும் பொருந்துவதாக இல்லை. 1988-இல் பாரிஸில் முதன்முதல் வெற்றி கண்ட மூலவுயிரணு மருத்துவத்திற்குப் பயன்பட்டது கொடியின் குருதி; அது பேற்றின்போதே எடுக்கப்பட்டுக் கடுங்குளிரில் உறையவைத்துக் காக்கப்பட்டது. வெயிலிலும் வியர்வையிலும் உலர்ந்த துண்டில் உயிருள்ள அணு எதுவும் எஞ்சாது. தாயத்து அன்பின் அடையாளம்; அதனை அவ்வாறே போற்றுவோம். அதற்கு இல்லாத அறிவியலை ஏற்றுவது முன்னோர்க்குப் பெருமை ஆகாது.

குழந்தைக்குக் காப்பு அணியும் வழக்கம் நமக்குத் தொன்றுதொட்டு உண்டு. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் சிறுவனாய்ப் போர்க்களம் புகுந்ததைப் பாடும் இடைக்குன்றூர் கிழார், ஐம்படைத்தாலி இன்னும் களையப்படாத இளமையைச் சுட்டுகிறார். நிலைத்து வாழ்வானோ என்னும் பெற்றோரின் அச்சமே அத்தாலிக்குள் உறைகிறது. அவ்வச்சம் உண்மையானது, அதற்கு உண்மையான மருந்து பின்னரே கிடைத்தது.

இரண்டாவது வசம்பு. 'பிள்ளை வளர்ப்பான்' என்று பெயர் பெற்ற இவ்வேரைச் சுட்டுக் கரியாக்கிக் கொப்பூழைச் சுற்றித் தடவுதல் பெருவழக்கு. இதன் குணங்களைச் சித்த மருத்துவம் பேசுகிறது. அதனை ஈண்டு மறுக்க வரவில்லை. ஆயின் ஆறாத புண்ணின்மேல், வீட்டில் அரைத்த எதனையும் வைத்தல் வேறு செய்தி. அம்மியிலும் விரலிலும் எண்ணெயிலும் என்ன இருக்கிறது என்பதை எவரும் அறியார். கரி ஒட்டிய கொப்பூழில் சிவப்போ சீழோ தோன்றினாலும் கண்ணுக்குப் புலப்படாது. இது பெருந்தீங்கு.

மருத்துவரும் ஒரே நிலையில் நிற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஒரு காலத்தில் சாராயச் சத்தும் ஊதா மருந்தும் தடவச் சொன்னவர் அவர்களே. நேபாளத்தில் 2006-இலும் வங்காளதேசத்தில் 2012-இலும் வெளியான ஆய்வுகள், வீட்டில் பிறந்த குழந்தைகளுக்குக் குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினி நன்மை செய்ததாகக் கூறின. ஆப்பிரிக்காவில் நடந்த பிந்திய ஆய்வுகளில் அந்நன்மை காணப்படவில்லை. ஆதலின் 2022-இல் உலகச் சுகாதார நிறுவனம், தூய்மையாகவும் உலர்வாகவும் விடுதலே பொதுவிதி என்றும், சாணம் போன்ற தீங்கான பொருள்களைப் பூசும் வழக்கம் மிக்க இடங்களில் மட்டும் முதல் வாரத்தில் குளோர்ஹெக்சிடின் தடவலாம் என்றும் வகுத்தது. சான்று மாறியபோது முடிவை மாற்றிக்கொள்ளுதல் அறிவியலின் இயல்பு. மருத்துவமனை மருந்தேயாயினும் தேவையின்றித் தடவாதே என்பதுதான் அது இன்று வந்து சேர்ந்த இடம்.

மரபில் கொள்வதும் தள்ளுவதும்

இனி, பாட்டிக்கும் தாதிக்கும் இடையேயுள்ள வழக்கைத் தீர்ப்போம். நம் மரபில் இரு கூறுகள் உள்ளன. நாள் எண்ணிக் காத்திருத்தல் ஒன்று; மேலே பொருள் பூசுதல் மற்றொன்று.

தமிழர் குழந்தை பிறந்த வீட்டைப் பதினொன்று, பதினாறு, முப்பது என நாள் எண்ணித் தனிமைப்படுத்தினர். மலாய்க்காரர் கொப்பூழ் விழும் நாளை ஒரு படியாகக் கொண்டு, நாற்பத்து நான்கு நாள் 'பந்தாங்' காத்தனர். சீனர் முழுமாத விழா வரை காத்திருந்தனர். தீட்டு என்ற பெயர் இன்று நமக்கு உவப்பாக இல்லாமற் போகலாம். ஆனால் பச்சிளங் குழந்தையைப் பலர் கையில் கொடாமை, தாய்க்கு ஓய்வு தருதல், கொப்பூழ் விழுந்ததா என்று நாள்தோறும் பார்த்தல் ஆகிய மூன்றும் இன்றைய மருத்துவத்திற்கு முற்றும் உடன்பாடே. பொருள் பூசுதலுக்கோ சான்று இல்லை. தீங்குக்கே சான்று உண்டு. பாட்டியின் காத்தற் பண்பைக் கொள்க, பூச்சைத் தள்ளுக. இதுவே வரலாறு தரும் தீர்ப்பு.

செய்யவேண்டுவன மிக எளியவை. குழந்தையைத் தொடுமுன் சோப்பிட்டுக் கைகழுவுதல் வேண்டும். இடுப்புத் துணியைக் கொப்பூழுக்குக் கீழே மடித்துக் கட்டிக் காற்றுப் பட விடவேண்டும். நனைந்தால் தூய துணியால் ஒற்றி உலர்த்தவேண்டும். துண்டை இழுத்தல், திருகுதல், காசு வைத்துக் கட்டுதல் ஆகியன கூடா. விழும்போது ஓரிரு துளி குருதி காணுதல் இயல்பே. கொப்பூழைச் சுற்றித் தோல் சிவந்து வீங்கினாலும், சீழோ கெட்ட நாற்றமோ தோன்றினாலும், குருதி நில்லாமல் கசிந்தாலும், காய்ச்சல் கண்டாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலும் பொழுது தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்லவேண்டும். மூன்று வாரம் கழிந்தும் விழாவிடினும் காட்டவேண்டும்.

நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் கொப்பூழ் என்னும் சொல்லைச் சங்கப் பாட்டில் விளக்க நேரும்போது, அதன் அழகை மட்டும் கூறி நின்றுவிடாமல், அவ்வுறுப்பைக் காக்க உலகம் பட்ட பாட்டையும் சில சொற்களில் கூறுவார்களாக. இன்று வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவியரும் மாணவரும் நாளை தாயும் தந்தையும் ஆவர். தோட்ட லயங்களில் பெயரிடும் நாளைக் காணாமலே மறைந்த குழந்தைகளுக்கு நாம் கல் நடவில்லை. அவர்களை நினைத்துப் பாடியதும் இல்லை. அவர்கள் இறந்த காரணத்தை அறிந்து, அடுத்த தலைமுறைக்குத் தெளிவாகச் சொல்லிவைத்தலே நாம் அவர்களுக்குச் செய்யக்கூடிய கடன்.